நாள் தள்ளிப்போன புதுசுல வெள்ளைப்படுறது அதிகமானா பயப்படணுமா? விரிவாவே சொல்றேன்

நாள் தள்ளி ஒரு வாரம் ஆச்சு, கார்டு டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்துடுச்சு, நாலஞ்சு நாளா உள்ளாடை நனையற அளவுக்கு வெள்ளைப்படுது, நேத்து துடைக்கறப்ப டிஷ்யூல லேசா பிரவுன் கலர்ல ஒரு கோடு மாதிரி இருந்துச்சு, இது கரு தங்காம போறதுக்கு அறிகுறியா, சோப்பு போட்டு கழுவலாமா, முன்னாடி வெள்ளைப்பட்டப்போ வாங்கின மாத்திரை மிச்சம் இருக்கு அதை போட்டுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் கர்ப்பிணிகள் ஓபிலயும் பிரசவ வார்டுலயும் நர்ஸா ரொம்ப வருஷம் இருந்தவ, இதே கேள்விய கதவை சாத்திட்டு குரலை தாழ்த்தி எத்தனையோ பேர் என்கிட்ட கேட்டிருக்காங்க, அதனால உங்க பதட்டம் எனக்கு நல்லாவே புரியுதும்மா.

முதல்ல அந்த மாத்திரை விஷயத்தை முடிச்சிடறேன். போடாதீங்க. எடுத்து வச்சுட்டு மீதிய படிங்க, ஏன்னு பின்னாடி வரும்.

நீங்க எழுதினதுல "நனையற அளவுக்கு" ன்றதைத்தான் ரொம்ப அழுத்தி எழுதியிருக்கீங்க, எல்லாருமே அதைத்தான் முதல்ல சொல்வாங்க, நிறைய போகுது சிஸ்டர் நிறைய போகுதுன்னு. ஆனா எவ்வளவு வருதுன்றது எங்களுக்கு பெரிசா எதையும் சொல்லாது. என்ன கலர், என்ன வாடை, அரிப்பு எரிச்சல் இருக்கா, வயித்து வலி இருக்கா, ரத்தம் கலந்திருக்கா, இந்த கூட வர்ற விஷயங்கள்தான் சொல்லும். கர்ப்பத்துல அளவு கூடுறது இயல்பு, அதுவும் மாசம் ஏற ஏற கூடிக்கிட்டேதான் போகும், பிரசவம் நெருங்கறப்ப இப்ப இருக்கிறதை விட அதிகமாவே இருக்கும்.

ஏன் கூடுதுன்னா, கரு பதிஞ்சதும் உடம்புல ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற ஆரம்பிக்குது, அந்த பகுதிக்கு ரத்த ஓட்டம் நிறைய வருது, கர்ப்பப்பை வாய்ல இருக்கிற சுரப்பிகள் எல்லாம் சுறுசுறுப்பா வேலை செய்யுது, அந்த நீரும் பிறப்புறுப்பு சுவர்ல இருந்து உதிர்ற பழைய செல்களும் சேர்ந்து வர்றதுதான் நீங்க பாக்கிற வெள்ளை. இதே நேரத்துல புரோஜெஸ்டிரான்னு இன்னொரு ஹார்மோன் கர்ப்பப்பை வாய்ல இருக்கிற சளிய கெட்டியாக்கி, ஒரு மூடி மாதிரி அடைச்சு வைக்குது, கீழ இருந்து கிருமி மேல ஏறாம இருக்க. அந்த மூடி பிரசவ நேரத்துலதான் கழண்டு வரும். ஈஸ்ட்ரோஜன் இன்னொரு வேலையும் பண்ணுது, பிறப்புறுப்பு செல்கள்ல கிளைகோஜன்னு ஒரு சர்க்கரை சத்தை சேர்த்து வைக்குது, அங்க குடியிருக்கிற லாக்டோபேசில்லஸ்ன்ற நல்ல பாக்டீரியா அதுல வளர்ந்து லாக்டிக் ஆசிட்டை உண்டாக்குது, அதனாலதான் அந்த இடம் எப்பவும் புளிப்பாவே, அதாவது பிஹெச் 3.8ல இருந்து 4.5க்குள்ளயே இருக்கு, கெட்ட கிருமிங்க அந்த புளிப்புல லேசுல வளராது. உங்க கருப்பு இல்ல கரு நீல உள்ளாடைய எடுத்து வெளிச்சத்துல பாருங்க, அந்த இடத்துல மட்டும் சாயம் வெளுத்து ஆரஞ்சு மாதிரி திட்டா இருக்கும், துவைச்சாலும் போகாது. அது கறை இல்ல, அந்த ஆசிட் சாயத்தை எடுத்திருக்கு, அவ்வளவுதான். அதை பாத்து ஏதோ வியாதின்னு நினைச்சு உள்ளாடைய தூக்கி எறிஞ்சவங்க இருக்காங்க, அதனாலதான் சொல்றேன், அது உங்க உடம்பு ஒழுங்கா வேலை செய்யுதுன்றதுக்கு அடையாளம்.

அப்ப இயல்பானது எப்படி இருக்கும்னா, பால்ல தண்ணி கலந்த மாதிரி வெள்ளையாவோ நிறமே இல்லாமலோ இருக்கும், சில நாள் வழவழன்னு கண்ணாடி மாதிரி நூலா வரும், சில நாள் கொஞ்சம் கெட்டியா இருக்கும், லேசான புளிப்பு வாடை இருக்கலாம், மூக்கை சுளிக்க வைக்காது. துணில பட்டு காத்துல காய்ஞ்சா வெளிர் மஞ்சளா தெரியும், அதை பாத்து மஞ்சளா படுதுன்னு பயந்துடாதீங்க, ஈரமா இருக்கறப்ப என்ன கலர்னு பாருங்க. இன்னொண்ணு, படுத்து எழுந்திரிச்சு நிக்கறப்ப திடீர்னு குபுக்னு வந்த மாதிரி இருக்கும், பீரியட்ஸ் வந்துடுச்சோன்னு பாத்ரூம் ஓடுவீங்க, போய் பாத்தா வெள்ளைதான் இருக்கும். படுத்திருக்கறப்ப உள்ளயே தேங்கி இருந்தது நிக்கறப்ப வருது, வேற ஒண்ணும் இல்ல. இதுல உடம்பு சத்தெல்லாம் போயிடும், அதான் சோர்வா இருக்குன்னு ஒரு பயமும் இருக்கு, அது உண்மை இல்லம்மா, முதல் மூணு மாச சோர்வு கர்ப்பத்தால வர்றது, வெள்ளைப்படுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

நாள் தள்ளுறதுக்கு முன்னாடியே வெள்ளைய வச்சு கர்ப்பமா இல்லையான்னு கண்டுபிடிக்க பாக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா உங்க கேள்விக்குள்ளயே "முன்னாடி மாசமும் இப்படி வந்துச்சு ஆனா அப்ப நெகடிவ்" னு ஒரு வரி இருக்கு. கருமுட்டை வெளியானதுக்கு அப்புறம் பொதுவா வெள்ளை குறைஞ்சு கெட்டியாகும், கர்ப்பம் தங்கினா சிலருக்கு ஈரம் தொடரும், சிலருக்கு தொடராது, பீரியட்ஸ் வரப்போறவங்களுக்கும் இதே மாதிரி வரும், ரெண்டையும் பாத்து பிரிச்சு சொல்ல யாராலயும் முடியாது, என்னாலயும் முடியாது. கரு கர்ப்பப்பைல பதியறது கருமுட்டை வெளியாகி 6ல இருந்து 12 நாளுக்குள்ள நடக்கும், அதுக்கப்புறம்தான் ஹெச்சிஜி ஹார்மோன் ஏற ஆரம்பிச்சு யூரின்ல தெரியும், அதனால நாள் தள்ளினதுக்கு அப்புறம் காலைல முதல் யூரின்ல பண்ற டெஸ்ட்டைத்தான் நம்பணும். வெள்ளை சுத்தமா இல்லாம கர்ப்பம் நல்லபடியா போறவங்களும் நிறைய பேர். ரெண்டு நாள் ஜாஸ்தியா இருந்து மூணாவது நாள் காய்ஞ்ச மாதிரி ஆனாலும் கரு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு நாளும் டிஷ்யூவ வச்சு கணக்கு பண்ணி பண்ணி தூக்கம் கெடுத்துக்காதீங்க.

இப்ப அந்த பிரவுன் கோடு. பிரவுன்னா பழைய ரத்தம், எப்பவோ கொஞ்சமா கசிஞ்சு உள்ளயே இருந்து மெதுவா வெள்ளையோட கலந்து வெளிய வந்தது. முதல் மூணு மாசத்துல ரத்தக்கசிவு ஏதோ ஒரு அளவுல பாக்கறவங்க நூத்துல 15ல இருந்து 25 பேர் வரைக்கும் இருக்காங்க, அதுல பெரும்பாலானவங்களுக்கு கர்ப்பம் தொடர்ந்து நல்லபடியா போகுது. கரு பதியற நேரத்துல லேசா கசியலாம். கர்ப்பப்பை வாய் இந்த சமயத்துல ரொம்ப மெத்துனு ரத்தம் நிறைஞ்சு இருக்கும், உள்பக்கத்துல இருக்க வேண்டிய மெல்லிய செல்கள் வெளிப்பக்கம் வந்து நிக்கும், அதுல லேசா உரசினாலே ரத்தம் எட்டி பாக்கும், அதனால தாம்பத்யத்துக்கு அப்புறமோ உள்ள வச்சு ஸ்கேன் பண்ணதுக்கு அப்புறமோ ஒரு நாள் ரெண்டு நாள் பிரவுனாவோ பிங்க்காவோ வர்றது நடக்கறதுதான். ஆனா இதை படிச்சுட்டு "அப்ப எனக்கும் அதான்" னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. ரத்தம் எந்த கலர்ல எவ்வளவு கொஞ்சமா வந்தாலும் உங்களை பாக்கற டாக்டருக்கு சொல்லணும், வலி எதுவும் இல்லாத ஒரே ஒரு பிரவுன் கோடுன்னா ராத்திரியோட ராத்திரியா ஓட வேண்டாம், ஆனா இன்னைக்கோ நாளைக்கோ போன் பண்ணியாவது சொல்லிடுங்க.

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க, நான் எழுதறதுல இதுதான் ரொம்ப முக்கியம். டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்தா கர்ப்பம்னு தெரியும், ஆனா அது எங்க இருக்குன்னு தெரியாது. சிலருக்கு கரு கர்ப்பப்பைக்கு வெளிய, பெரும்பாலும் கருக்குழாய்ல தங்கிடும், அப்ப கூட டெஸ்ட் பாசிடிவ்தான் வரும், வெள்ளையும் படும், பிரவுனா தண்ணியா கசியவும் செய்யும், அதாவது உங்களுக்கு இப்ப இருக்கிற மாதிரியே தெரியலாம். அடிவயித்துல ஒரு பக்கமா வலி, தோள்பட்டை நுனில காரணமே இல்லாம வலி, மலம் கழிக்கறப்ப வலி, தலை சுத்தல், கண்ணு இருட்டிட்டு வர்றது, மயக்கம், இதுல எது வந்தாலும் அது எந்த நேரமா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு கிளம்பிடணும், காலைல பாத்துக்கலாம்னு படுக்கக் கூடாது, கருக்குழாய் வெடிச்சா உள்ளுக்குள்ள ரத்தம் போகும், வெளிய ஒரு பேட் கூட நனைஞ்சிருக்காது. தோள்பட்டை வலிய யாரும் கர்ப்பத்தோட சேர்த்து யோசிக்கிறதே இல்ல, ஏதோ பளு தூக்கினோம் பிடிச்சுக்கிச்சுன்னு விட்டுடறாங்க, வயித்துக்குள்ள கசியற ரத்தம், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம்ன்ற தசைல படறதாலதான் அங்க வலிக்குது, அதனால வீட்டுல இருக்கிறவங்ககிட்டயும் இதை சொல்லி வைங்க. அதே மாதிரி சிவப்பா ரத்தம் வந்து கட்டி கட்டியா விழுந்தாலும், பீரியட்ஸ் வலி மாதிரி விட்டு விட்டு இழுத்தாலும், ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுக்க நனைஞ்சு அடுத்த மணி நேரமும் அப்படியே இருந்தாலும் உடனே போயிடணும். இது எதுவும் இல்லன்னாலும் முதல் ஸ்கேனை தள்ளி போடாதீங்க, கடைசி பீரியட்ஸ் தேதில இருந்து கணக்கு பண்ணா 6, 7 வாரத்துல கரு எங்க இருக்கு, இதயத்துடிப்பு வந்துடுச்சான்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும். உள்ள வச்சு பண்ற ஸ்கேனால கரு கலையாது, அந்த குழாய் கர்ப்பப்பைக்குள்ள போறதே இல்ல.

சரி, தொற்றுக்கு வர்றேன். கர்ப்பத்துல ரொம்ப சகஜமா வர்றது ஈஸ்ட் தொற்று, பூஞ்சைனு சொல்வாங்க. தயிர் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா வெள்ளை ஒட்டிக்கிட்டு இருக்கும், வாடை அனேகமா இருக்காது, ஆனா அரிப்பு தாங்க முடியாது, சுத்தி சிவந்து வீங்கி இருக்கும், யூரின் போறப்ப வெளித்தோல்ல பட்டு எரியும். நான் மேல சொன்ன கிளைகோஜன் நல்ல பாக்டீரியாவுக்கு மட்டும் இல்ல இந்த ஈஸ்ட்டுக்கும் தோதுதான், அதனாலதான் இந்த சமயத்துல அடிக்கடி வருது, சர்க்கரை கூடுதலா இருக்கிறவங்களுக்கும் ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்டவங்களுக்கும் இன்னும் அதிகமா வரும். இதால குழந்தைக்கு பொதுவா ஆபத்து கிடையாது, அம்மாவுக்குத்தான் அவஸ்தை. இப்ப அந்த மிச்ச மாத்திரை கதைக்கு வர்றேன். வெள்ளைப்படுதுன்னா முன்னாடி எழுதிக் கொடுக்கற மாத்திரை அனேகமா ஃப்ளுகோனசோல், வாய்வழியா ஒரே ஒரு தடவை சாப்பிடறது. கர்ப்பத்துல, முக்கியமா முதல் மூணு மாசத்துல அதை தவிர்ப்பாங்க. அதுக்கு பதிலா க்ளோட்ரிமசோல் மாதிரி உள்ள வைக்கிற மாத்திரையோ க்ரீமோ 7 நாளுக்கு கொடுப்பாங்க, அது இந்த சமயத்துக்கு பாதுகாப்பானது. ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடுச்சேன்னு பாதில நிறுத்தாதீங்க, 7 நாளும் வைக்கணும், இல்லன்னா திரும்ப வரும்.

அடுத்து பாக்டீரியல் வஜைனோசிஸ். இதுல அரிப்பு அவ்வளவா இருக்காது, சாம்பல் கலந்த வெள்ளையா தண்ணியா வரும், மீன் வாடை அடிக்கும், தாம்பத்யத்துக்கு அப்புறம் அந்த வாடை இன்னும் தூக்கலா இருக்கும். லாக்டோபேசில்லஸ் குறைஞ்சு போய் மத்த கிருமிங்க பெருகிட்டதால வர்றது, புளிப்பு குறைஞ்சு பிஹெச் 4.5க்கு மேல போயிருக்கும். இதை நான் ஈஸ்ட்டை விட சீரியஸா எடுத்துக்குவேன், ஏன்னா குறைமாச பிரசவத்தோட இதுக்கு தொடர்பு இருக்கு, அதனால வாடை தெரிஞ்சா வெக்கப்படாம சொல்லி மருந்து எடுத்துக்கணும், கர்ப்பத்துல கொடுக்கக்கூடிய மருந்து இதுக்கு இருக்கு. பச்சை மஞ்சளா நுரை நுரையா வந்து வாடையோட எரிச்சலும் இருந்தா ட்ரைக்கோமோனாஸ்ன்ற தொற்றா இருக்கலாம், அது உடலுறவு மூலமா பரவறது, அதனால கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுப்பாங்க, ரெண்டு பேரும் முடிக்கற வரைக்கும் சேரக்கூடாது. க்ளமிடியா, கொனோரியா மாதிரி உடலுறவு மூலமா பரவற வேற சில தொற்று வெளிய எதையுமே காட்டாம இருந்து பிரசவத்துல குழந்தையோட கண்ணை பாதிக்கும், அதுக்கு டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் சொன்னா என்னை சந்தேகப்படறாங்களான்னு தப்பா எடுத்துக்காதீங்க.

கழுவறதை பத்தி கேட்டீங்க. ஒரு பொண்ணு, ரெண்டரை மாசம், வெள்ளைப்படுது சுத்தமா இருக்கணும்னு ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை சோப்பு போட்டு விரலை உள்ள விட்டு கழுவி, அதுக்கு மேல வாசனை வாஷ் வேற போட்டு, வந்தப்ப உக்காரவே முடியல அவளால, நாற்காலி நுனில ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்திருந்தா. பாத்தா தோல் அங்கங்க உரிஞ்சு சிவந்து கிடக்கு, கூடவே மீன் வாடையும். முதல்ல இயல்பான வெள்ளைதான் அவளுக்கு இருந்துச்சு, இவ்வளவு கழுவினதுல நல்ல பாக்டீரியா எல்லாம் போய் நிஜமான தொற்றை அவளே வரவழைச்சுக்கிட்டா. அவ அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, "சுத்தமா இருந்தா தப்பா சிஸ்டர்" னு கேட்டா. தப்பு அவ மேல இல்ல, யாரும் அவளுக்கு இதை சொல்லிக் கொடுக்கல. பிறப்புறுப்பு உள்பக்கம் தன்னை தானே சுத்தம் பண்ணிக்கும், அந்த வெள்ளையே அதுக்குத்தான் வருது. வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணி ஊத்தி கழுவுங்க, முன்னாடி இருந்து பின்னாடி துடைங்க, உள்ள தண்ணி பீச்சி அடிக்கறது, வாசனை பேட், பவுடர், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். ஈரம் தொந்தரவா இருந்தா வாசனை இல்லாத பேன்டி லைனர் வச்சு ஈரமாக ஆக மாத்துங்க, ராத்திரி அதையும் எடுத்துட்டு தளர்வான பருத்தி உள்ளாடையோட படுங்க. டேம்பூன் வைக்கவே கூடாது.

இன்னொண்ணு, இதை யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. கரு தங்கறதுக்குன்னு புரோஜெஸ்டிரான் மாத்திரைய உள்ள வைக்க சொல்லியிருந்தா அது கரைஞ்சு வெள்ளையா, சில சமயம் சுண்ணாம்பு மாதிரி பொடி பொடியா, சிலருக்கு எண்ணெய் மாதிரி வெளிய வரும். ஒரு அம்மா அதை டிஷ்யூல மடிச்சு ஒரு சின்ன கவர்ல போட்டு கை நடுங்க கொண்டு வந்து டாக்டர் மேஜைல வச்சாங்க, கரு துண்டு துண்டா வருதுன்னு நினைச்சு ராத்திரி பூரா தூங்கல. டாக்டர் பிரிச்சு பாத்துட்டு நேத்து எத்தனை மணிக்கு மாத்திரை வச்சீங்கன்னு கேட்டாங்க, அவ்வளவுதான். மாத்திரை வெளிய வந்துடுச்சேன்னு இன்னொண்ணு எடுத்து வைக்கவும் வேண்டாம், மருந்து உள்ள சேர்ந்திருக்கும், கூடு மட்டும்தான் வருது, வச்ச உடனே முழுசா விழுந்துட்டா மட்டும் கேட்டுக்கோங்க. ஆனா அந்த அம்மா பண்ண ஒரு காரியம் ரொம்ப சரி, சந்தேகமா எதாவது வந்தா தூக்கி போடாம எடுத்துட்டு வரணும், இல்லன்னா போன்ல ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க, பிரவுன்னா எவ்வளவு பிரவுன், கட்டின்னா எவ்வளவு பெரிய கட்டின்னு வாயால சொல்றதை விட அது தெளிவா சொல்லும்.

தண்ணி மாதிரி நிக்காம சொட்டிக்கிட்டே இருக்கறது இந்த ஆரம்ப வாரங்கள்ல அனேகமா யூரின் கசிவாத்தான் இருக்கும், இருமறப்ப தும்மறப்ப வருதான்னு பாருங்க, பின்னாடி மாசங்கள்ல அப்படி தண்ணி சொட்டினா பனிக்குட நீரான்னு உடனே காட்டணும்.

டாக்டர்கிட்ட போறப்ப உள்ள பாக்கணும்னு சொன்னா பயப்படாதீங்க. ஸ்பெகுலம்னு ஒரு கருவிய வச்சு கர்ப்பப்பை வாய பாப்பாங்க, ஒரு குச்சில பஞ்சு சுத்தின மாதிரி இருக்கும் ஸ்வாப், அதுல கொஞ்சம் தொட்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க, ரெண்டு மூணு நிமிஷ வேலை, மூச்சை இழுத்து விட்டு இடுப்பை தளர்த்தி வச்சீங்கன்னா பெரிசா வலி இருக்காது, கரு கலையறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் உள்ள எந்த க்ரீமும் நீங்களா வைக்காம போங்க, வச்சிருந்தா டெஸ்ட்ல சரியா தெரியாது. கடைசி பீரியட்ஸ் முதல் நாள் தேதி, வெள்ளை எப்ப அதிகமாச்சு, அந்த பிரவுன் எப்ப எத்தனை தடவை வந்துச்சு, அதுக்கு முன்னாடி நாள் தாம்பத்யம் இருந்துச்சா, என்னென்ன மாத்திரை போடறீங்க, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, உள்ள போனதும் பாதி மறந்துடும். கூடவே உங்க பிளட் குரூப்பும் எழுதுங்க, நெகடிவ்னா ரத்தக்கசிவு பத்தி சொல்றப்பவே அதையும் சேர்த்து சொல்லணும், குழந்தை பாசிடிவா இருந்து ரத்தம் கலந்தா அடுத்தடுத்த கர்ப்பத்துக்கு பிரச்சனை வராம இருக்க ஆன்ட்டி-டி ஊசி இப்ப தேவையா இல்ல அப்புறமான்னு அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க. குரூப் என்னன்னு தெரியலன்னா முதல் ரத்த டெஸ்ட்லயே அதையும் பாக்க சொல்லிடுங்கம்மா.